அமுச்சி குரலைப் பிடிப்பது எப்படி? (மைக், ப்ரீஆம்ப் பற்றி ஒரு பாடம்)



இந்த முறை சுவர் இதழின் அறிவியல் பக்கம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'ஒலி' பாடம் இருக்கிறது அல்லவா? அதை வைத்து, வீட்டிலேயே ஒருவர் பாடுவதை நன்றாகப் பதிவு செய்வது எப்படி என்று எழுதுகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ஏன் இந்த வேலையில் இறங்கினேன்?

போன வருசம் எங்க அப்புச்சி இறந்துட்டாங்க. அவங்க குரல் எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு செல்போன் பதிவுதான். அதிலும் ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் லேசாகக் கேட்கும். அம்மா அதைக் காதில் வைத்து வைத்துக் கேப்பாங்க. கேட்டுட்டு ஒண்ணும் பேசாம அடுப்படிக்குப் போயிருவாங்க.

இப்போ அமுச்சிக்கு இளைப்பு. முன்னெல்லாம் மாரியம்மன் நோம்பிக்கு ராத்திரி பூராவும் கும்மிப்பாட்டு பாடுவாங்க. இப்போ நாலு அடி பாடினா மூச்சு வாங்குது. அமுச்சி குரலையும் அப்படி விட்டுறக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

எங்க ஊர் சோமனூர் பக்கம். ஊரில் மைக்செட் வைத்திருக்கும் மாமாகிட்டப் போய், "மாமா, குரல் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இதமாக் கேக்கோணும். எந்த மைக் வாங்கறதுங்க?" என்று கேட்டேன். மாமா சிரிச்சாங்க. "மைக்கு கெடக்குது அம்மிணி. மொதல்ல அது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்க" என்றாங்க. அவங்க சொல்லிக் கொடுத்ததும் நான் செய்து பார்த்ததும்தான் இந்தப் பாடம்.

1. மைக் என்ன செய்கிறது?

நாம் பாடும்போது காற்று அதிர்கிறது. மைக்குக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. காற்று அதிர்ந்தால் சவ்வும் அதிரும். அந்த அதிர்வு மின்சாரமாக மாறும். மாறும் விதத்தை வைத்து முக்கியமாக இரண்டு வகை.

அ) டைனமிக் மைக்: சவ்வோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தத்துக்கு நடுவே ஆடும்போது மின்சாரம் உண்டாகும். சைக்கிள் டைனமோ மாதிரிதான். இதற்கு வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம். கோயில் விசேசத்தில் கையில் பிடித்துப் பேசுவது பெரும்பாலும் இதுதான்.

ஆ) கன்டென்சர் மைக்: இரண்டு தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று அசைந்தால் இடைவெளி மாறும், மின்சாரமும் மாறும். ஸ்டுடியோக்களில் வைத்திருக்கும் இந்த வகைக்குப் பொதுவாக 48 வோல்ட் கரண்ட் கொடுக்க வேண்டும். நுணுக்கமான சத்தத்தையும் விடாது.

2. ப்ரீஆம்ப் எதற்கு?

ப்ரீஆம்ப் என்றால் முன்பெருக்கி. டைனமிக் மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மெதுவாகப் பாடினால் அதைவிடக் குறைவு. கன்டென்சரில் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம் வரும். ஆனால் பதிவு செய்யும் கருவிக்கு ஒரு வோல்ட் அளவுக்கு வேண்டும். அதனால் ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டியிருக்கிறது. இதை 60 டெசிபல் என்பார்கள்.

மாமா ஒரு உதாரணம் சொன்னாங்க. "கெணத்துல தண்ணி அடியில கெடந்தா, வாளியில தண்ணியோட சேறும் வரும். ப்ரீஆம்பும் அப்படித்தான். குரலைத் தூக்கறப்ப ஃபேன் சத்தத்தையும் தூக்கும். தன்னோட 'உஸ்ஸ்'ங்கற சத்தத்தையும் சேத்துக் குடுக்கும்." ஆக, நல்ல ப்ரீஆம்ப் என்பது 'உஸ்' குறைவாகக் குரலைத் தூக்குவதுதான்.

கம்ப்யூட்டரோடு இணைக்கும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்ற சின்னப் பெட்டிக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. வால்வு வைத்த ப்ரீஆம்ப் குரலுக்குக் கனம் கொடுக்கும் என்பார்கள். வால்வு, குரலோடு சில மேல்சுரங்களைக் கொஞ்சமாகச் சேர்ப்பதால்தான் அப்படிக் கேட்கிறது. அது குழம்புக்கு உப்பு மாதிரி. குழம்பே இல்லாமல் உப்பை வைத்து என்ன செய்வது?

3. முதல் முயற்சி: தோல்வி!

மாமா மகன் ஒரு இன்டர்ஃபேஸும், டைனமிக் மைக் ஒன்றும் கன்டென்சர் மைக் ஒன்றும் கொடுத்தாங்க. விலை கூடுதலாக இருந்த கன்டென்சரைத்தான் முதலில் எடுத்தேன். ஆசாரத்தில் அமுச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு முழத் தூரத்தில் மைக்கை வைத்தேன்.

கேட்டுப் பார்த்தால் தறிச் சத்தம், சேவல் கூவுவது, தெருவில் போன மொபெட், எல்லாம் தெளிவாக இருக்கிறது! அமுச்சி குரல் மட்டும் குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

ஏன் அப்படி? நம் பாடத்திலேயே விடை இருக்கிறது. எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமானால் சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்க ஆசாரத்தில் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் திரும்பி வரும் சத்தம் தனியாகக் கேட்காமல் குரலோடு கலந்து குழப்பி விடுகிறது. இதுதான் எதிர்முழக்கம்.

குறை கன்டென்சர் மேல் இல்லை என்று மாமா சொன்னாங்க. ஒரே தூரத்தில், ஒரே மாதிரி திசையிலிருந்து கேட்கும் மைக்குகளாக வைத்தால், இரண்டுமே அறைச் சத்தத்தைக் குரலோடு ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் எடுக்குமாம். நான் வைத்த இடமும் தூரமும்தான் தப்பு.

4. ஒரு முழமா, ஒரு சாணா?

ஒரு முழம் என்பது இரண்டு சாண். தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்கு வரும் ஒலி அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்போது ப்ரீஆம்பைப் பாதியாகக் குறைக்கலாம். குறைத்தால் தறிச் சத்தமும் 'உஸ்'ஸும் கூடவே குறையும். காசு செலவே இல்லை!

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்கும் மைக்குகளில், வாய் பக்கத்தில் வர வர அடிக்குரல் கூடும். நான் கேட்ட அந்த 'இதம்' பாதி இதில்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டி வைத்தால் 'ப', 'பூ' வரும்போது காற்று 'டப்' என்று அடிக்கும். அதற்கு மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை மாட்டி நடுவில் நிறுத்தினேன்.

5. தறியை எப்படி நிறுத்துவது?

எங்க ஊரில் ராத்திரி பகல் தறி ஓடும். அதை நிறுத்தச் சொல்ல நான் யாரு? அது அவங்க சோறு. அப்போதுதான் பேப்பரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மின்தடை என்று போட்டிருந்தது. ஊரே அமைதியாக இருக்கும், ஃபேனும் ஓடாது!

ஆனால் கரண்ட் இல்லாமல் ப்ரீஆம்ப் எப்படி ஓடும்? அக்கா லேப்டாப் பேட்டரியிலிருந்தே இன்டர்ஃபேஸ் ஓடும். 48 வோல்ட் கொடுத்தால் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். டைனமிக்குக்கு அது வேண்டியதில்லை. அதனால் டைனமிக்தான் என்று முடிவாச்சு.

இடத்தையும் மாற்றினேன். சேலை, போர்வை அடுக்கிய உள்ரூமில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். துணியும் பஞ்சும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போய்க் கைதட்டினால் 'ணங்' என்று வரவில்லை.

6. எல்லாம் சரி, ஆனா அமுச்சி?

மைக்கைப் பார்த்ததும் அமுச்சி குரல் சுருங்கிப் போச்சு. புத்தகம் படிக்கிற மாதிரி பாடினாங்க. அளவெல்லாம் சரியாக இருந்தும் அது எங்க அமுச்சி இல்லை.

மாமா சொன்ன ஒரு விசயம் அப்போது ஞாபகம் வந்தது. 1965-ல் கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர், காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் நம் அண்ணன்மார் கதையை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார். 18 இரவுகள், மொத்தம் 38 மணி நேரம்! ஊர் சனங்கள் உட்கார்ந்து கேட்கக் கேட்கப் பாடியது அது. அதே பாடகர், கேட்க ஆளில்லாமல் வாயால் சொல்லச் சொல்ல எழுதிய வடிவமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல இல்லை என்று அவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முன்னால் ஆள் இருந்தால்தான் பாட்டு வரும்!

உடனே அக்கா குழந்தையைத் தொட்டிலோடு உள்ரூமுக்குக் கொண்டு வந்தோம். மைக்கை அமுச்சி கண்ணில் படாமல் மோவாய்க்குக் கீழே ஒரு சாணில் வைத்தேன். தொட்டில் ஆடினதும் அமுச்சி தானாகப் பாட ஆரம்பிச்சாங்க. நான் மூச்சே விடலை. நாலு பாட்டு, 11 நிமிசம்.

அன்னிக்கு ராத்திரி அம்மா ஹெட்போனில் கேட்டாங்க. அடிக்கு அடி நடுவில் அமுச்சி மூச்சு வாங்குவதும் பதிவாகியிருந்தது. "அதைய வெட்டிரட்டுங்களாம்மா?" என்று கேட்டேன். "வேண்டாங் கண்ணு. அதும் உங்க அமுச்சிதான்" என்றாங்க.

நினைவில் வைக்க வேண்டியவை (இந்த வரிசையிலேயே!)

1) பாடுபவர் மனசு. கேட்க ஒரு ஆள் வேண்டும்.
2) இடம். துணி, மெத்தை உள்ள சின்ன அறை. ஃபேன் நிறுத்தவும்.
3) தூரம். ஒரு சாண், கொஞ்சம் சாய்வாக.
4) மைக். சத்தமுள்ள வீட்டுக்கு, பக்கத்தில் வைத்துப் பாட டைனமிக். அமைதியான அறைக்கும் மெல்லிய குரலுக்கும் கன்டென்சர்.
5) ப்ரீஆம்ப். 'உஸ்' குறைவாக இருக்க வேண்டும். சத்தமாகப் பாடும் இடத்திலும் கம்ப்யூட்டர் அளவு -12 பக்கத்தில் நிற்கட்டும். 0-ஐத் தொட்டால் கரகரக்கும். பிறகு சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

உங்களுக்குத் தெரியுமா?

* 1925-க்கு முன் இசைத்தட்டுப் பதிவுக்குப் பொதுவாக மைக்கே கிடையாது. பெரிய கூம்புக்குள் பாடினார்கள். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது.
* 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் நிலையான மின்னேற்றம் கொண்ட சவ்வை வைத்து எலக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் மைக்குகள் சின்னதாகவும் மலிவாகவும் ஆயின.

செய்து பாருங்கள்!

மைக்கும் பெட்டியும் இல்லையா? செல்போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, துணி நிறைந்த அறையில், ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். முதலில் ஒரு முழத்திலும் பிறகு ஒரு சாணிலும் பதிவு செய்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதி வாருங்கள். பாட வைப்பது உங்க வீட்டுப் பெரியவங்களாக இருக்கட்டும். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நான் அப்புச்சிக்கு அப்படித்தான் தள்ளிப் போட்டேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசு உயர்நிலைப் பள்ளி.