குவாங்சோவில் இருக்கும் மருமகனுக்கு

தூத்துக்குடி

உன் தாயாருக்கு முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறது. காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறாள்.

உன் கடிதத்தைச் சாவகாசமாக வாசித்தேன். குவாங்சோவுக்குக் குடிபோன புதிதில் ஒரு திருநாளையும் விடாமல் கொண்டாடிய நீங்கள், உன் கப்பல் கம்பெனி உத்தியோகமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் உன் மனைவியின் அலுப்பும் சேர்ந்துகொள்ள, இப்போது ஒவ்வொன்றாகக் கைநழுவ விட்டுவருகிறீர்கள் என்பதையும், அங்குள்ள இந்தியர்கள் கூடித் தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் தங்களுக்குச் சௌகரியமான சனிக்கிழமைகளுக்கு மாற்றி ஓட்டல் மண்டபத்தில் விருந்தாக நடத்தி முடித்துவிடுகிறார்கள் என்பதையும், சீனப் புத்தாண்டு விடுமுறையில் கடைகண்ணிகளெல்லாம் அடைத்துக் கிடப்பதால் தாய்லாந்துக் கடற்கரைக்குப் போய்விட யோசிக்கிறாய் என்பதையும் அறிந்தேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறாய். கேட்டதனால் சொல்லுகிறேன், கேளாமலே சொல்லும் வழக்கமும் எனக்கு உண்டென்பது உனக்குத் தெரியாததல்ல.

சனிக்கிழமை விருந்துக்குப் போகவேண்டாமென்று நான் சொல்லவில்லை. நம்மவர் நாலு பேரைக் கண்டு வாய்விட்டுப் பேசிச் சிரித்து, பிள்ளைகள் பட்டு உடுத்தி ஆடிப்பாடி வருவது நல்ல காரியந்தான். ஆனால் அதுதான் தீபாவளி, அதுதான் பொங்கல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிடாதே. சீன சர்க்கார் ஒரு வாரம் விடுமுறை விட்டுவிட்டு, அதை ஈடுகட்ட முன்னும் பின்னுமாக ஞாயிற்றுக்கிழமையில் ஆபீசுக்கு வரச் சொல்லுகிறது என்று சலித்துக்கொண்டிருக்கிறாயே, அந்த ஜனங்கள் தங்கள் புத்தாண்டு அமாவாசையை ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு நாளாவது தள்ளிவைத்ததுண்டா? கலாசாரப் புரட்சியின்போது, 1967-ஆம் ஆண்டில், அந்த விடுமுறையையே ரத்து செய்தார்கள். 1980 வரையில் அது திரும்பி வரவில்லை. விடுமுறைதான் போயிற்றே தவிரப் புத்தாண்டு போகவில்லை.

நம் பனிமய மாதா திருநாளையே எடுத்துக்கொள். ஜூலை 26-ஆம் தேதி கொடியேறினால் ஆகஸ்டு 5-ஆம் தேதி திருநாள். அது எந்தக் கிழமையில் வந்தாலும் வந்ததுதான். கலெக்டர் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை விட்டு, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக அறிவிக்கிறாரே தவிர, மாதாவைச் சனிக்கிழமைக்கு வரச் சொல்லுவதில்லை. 1806-இல் முதன்முதலாக ஓடிய பொன்தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை என்பது நீ அறிந்ததே. 2013-இல் ஓடியது, அப்புறம் 2023-இல்தான் ஓடியது. அதனால் நடுவிலுள்ள ஆண்டுகளில் இந்த ஊர் ஆகஸ்டு ஐந்தைச் சும்மா விட்டுவிட்டதா? தேரில்லாத ஆண்டுகள் உன் வீட்டிலும் வரும். கொடியேறாத ஆண்டு மட்டும் வரக்கூடாது. பொங்கல் செவ்வாய்க்கிழமையில் வந்தால் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து, மின்சார அடுப்பிலாவது ஒரு சிறு பாத்திரத்தில் பாலும் பச்சரிசியும் பொங்கவிட்டு, பிள்ளைகள் ஒரு வாய் தின்றபின் பள்ளிக்கூட வண்டி ஏறட்டும். கரும்பு அந்தச் சீமையிலும் விளைகிறது. மஞ்சள்குலை கிடைக்காவிட்டால் குற்றமில்லை. தீபாவளிக்கு வெடி வேண்டாம், நகரத்துக்குள் அதற்குத் தடை இருக்கிறது, வேற்றூரில் போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது உனக்கு உசிதமல்ல.

சீனாவில் குடித்தனம் வைத்த முதல் தமிழன் நீதான் என்பதுபோல ஒரு தொனி உன் கடிதத்தில் இருப்பதனால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. உன் ஊருக்கு வடகிழக்கே கடலோரமாகச் சுவான்சோ என்றொரு துறைமுகம் இருக்கிறது. மார்க்கோ போலோ ஜைத்தூன் என்று குறித்த பட்டினம் அதுதான். அங்கிருந்து கப்பலேறித் தாய்நாடு திரும்பிய அந்த மனிதர், நம் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலையும், மேற்கிலிருந்து குதிரை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே ஒதுங்கியதையும் தம் நூலில் சொல்லியிருக்கிறார். அந்தச் சுவான்சோவில் குடியிருந்த தமிழ் வணிகர்கள் 13-ஆம் நூற்றாண்டில் சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுத்து, 1281-ஆம் ஆண்டு தமிழிலேயே கல்வெட்டும் பொறித்து வைத்தார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் செய்த திருப்பணி. அந்நாட்டை ஆண்ட மங்கோலியக் கானின் தேக சௌக்கியத்துக்காகச் செய்யப்பட்டதென்று அந்தக் கல்லே சொல்லுகிறது. அடியில் ஒரு வரி சீன எழுத்திலும் இருக்கிறது. நான் வியப்பது கோயில் எடுத்ததையல்ல. காசுள்ள வியாபாரி எங்கும் கோயில் எடுப்பான். கானின் ஆட்சியாண்டு அறியாதவர்களல்ல அவர்கள். இருந்தும் தேதி குறிக்கும்போது சகாப்தம் 1203, சித்திரை மாதம் என்று ஊர்ப் பஞ்சாங்கத்தின்படியே குறித்தார்கள். பிரார்த்தனையோ குடியிருந்த நாட்டின் அரசனுக்காக. நாளோ பிறந்த நாட்டின் கணக்கில். உனக்கு நான் சொல்ல நினைக்கும் இரண்டு காரியங்களும் அந்த ஒரே கல்லில் அடங்கிவிட்டன.

முதல் காரியத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, அவர்களுடைய நல்ல நாளில் நீ ஊரைவிட்டு ஓடக்கூடாது என்பது. செங் ஹோ என்ற சீனக் கப்பற்படைத் தலைவர் இலங்கையில் வைப்பதற்காக 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு ஒரு கல் பொறித்துக் கொண்டுவந்தாரே, காலியில் கண்டெடுத்துக் கொழும்பு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள், அதில் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. வந்த இடத்துத் தெய்வங்களுக்கெல்லாம் தட்டு நீட்டும் நாகரிகம் படை கொண்டுவந்த மனிதருக்கே இருந்தபோது, சம்பளத்துக்குப் போன நமக்கு இல்லாமற் போகலாமா? புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பத்தோடு உண்பதற்காக அவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் நெருக்கியடித்துக்கொண்டு தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பிரயாணம் செய்கிறார்கள். அந்த நாள்களுக்கு முன்னால் குவாங்சோவில் மலர்ச் சந்தை கூடுகிறது; காய்த்துத் தொங்கும் சிறு ஆரஞ்சுச் செடிகளை ஜனங்கள் தொட்டியோடு சுமந்து போகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்தைக்குப் போ; ஒரு தொட்டி வாங்கி வாசலில் வை. உன் ஆபீசில் யாராவது வீட்டு விருந்துக்கு அழைத்தால் தட்டாமல் போ. தாய்லாந்துக் கடல் எங்கும் போய்விடாது. அதற்கு அக்டோபர் மாதத்தில் ஒரு வார விடுமுறை இருக்கிறது.

சிவப்பு உறை கொடுக்கும் முறையைப் பற்றி நீ எழுதியதிலிருந்து, அதை நம் மொய் போல நீ எண்ணியிருப்பது தெரிகிறது. குவாங்சோப் பக்கத்துப் பழக்கத்தில் அதை லைசீ என்கிறார்கள். கலியாணமானவர்கள் கலியாணமாகாதவர்களுக்கும், எஜமான்கள் வேலைக்காரர்களுக்கும் கொடுப்பது. நீ கலியாணமானவன், ஆகையால் காவல்காரனுக்கும், கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்கும், ஆபீஸ் பையன்களுக்கும் கை நீட்டிக் கொடுக்கவேண்டியவன் நீயே. அந்தச் சீமையில் தொகை பெரிதாக இருக்கவேண்டுமென்பதில்லை. பத்து யுவான் போதும். நாம் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒன்று கூட்டி வைப்போம். அவர்களுக்கு இரட்டைப்படைதான் மங்களம், அதிலும் நான்கு ஆகாது. வெள்ளை உறையில் வைத்துவிடாதே, அது துக்கத்துக்குரியது. இரண்டு கையாலும் கொடு. பிள்ளைகள் வாங்கும்போது எதிரிலேயே பிரித்துப் பார்க்கக்கூடாதென்று சொல்லிவை.

பிள்ளைகள் அவர்கள் திருநாளில் கலந்தால் நம்முடையதை மறந்துவிடுவார்களென்று உன் மனைவி பயப்படுவதாக எழுதியிருந்தாய். எனக்கு அந்தப் பயம் இல்லை. நம் தெருவில் நீ வளர்ந்ததை நினைத்துப் பார். கார்த்திகைக்கு அடுத்த வீட்டு ஆச்சி ஓலைக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள். கிறிஸ்துமஸுக்கு உன் தாய் அந்த வீட்டுக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டிலிருந்து பிரியாணிச் சட்டி வந்தது. அதனால் நீ எதை மறந்தாய்? பனங்குருத்தோலையைச் சாணளவாக நறுக்கி, கருப்பட்டிப் பாகில் பிசைந்த அரிசி மாவோடு தேங்காய்த் துருவலும் வறுத்த சிறுபயறும் ஏலமும் சுக்கும் சேர்த்து, ஓலை மடிப்புக்குள் அழுத்தி, மேலே இன்னோர் ஓலையை மூடி ஓலை நாராலேயே கட்டி அந்த ஆச்சி ஆவியில் ஏற்றும்போது, அடுப்படியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவன் நீ. சீனருக்கு ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வருகிற படகுப் போட்டித் திருநாளுக்குச் சோங்சு என்று ஒன்று செய்கிறார்கள். பசையரிசியை மூங்கில் இலையில் பொதிந்து நூலால் கட்டி வேகவைப்பது. குவாங்சோப் பக்கத்தில் அதற்குள்ளும் சிறுபயறு வைக்கிறார்கள், கூடப் பன்றிக்கறியும் உப்பிட்ட முட்டைக் கருவும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி அதைக் கொண்டுவந்தபோது என்ன திருப்பிக் கொடுப்பதென்று தெரியாமல் பிஸ்கட்டுப் பெட்டி கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறாய். பிஸ்கட்டு அவளுக்குக் கடையில் கிடைக்காதா? அவளிடமே உலர்ந்த மூங்கில் இலை கேட்டு வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, கார்த்திகையன்று அதில் நம் கொழுக்கட்டையைக் கட்டி அனுப்பு. உடன்குடிக் கருப்பட்டி நான் பார்சலில் அனுப்புகிறேன். உன் பெண்ணை முடிச்சுப் போடச் சொல். அந்தக் கிழவியைவிட நன்றாகப் போடக் கற்றுக்கொள்ளட்டும்.

கிறிஸ்துமஸ் அங்கே வேலைநாளாக இருப்பதைப் பற்றி அதிகம் வருந்தாதே. குடிலை ஆகமன காலத்திலேயே பிள்ளைகளோடு கட்ட ஆரம்பித்துவிட்டால் ஒரு மாதம் அவர்கள் கைக்கு வேலை; நீ ஆபீசிலிருந்து ஏழு மணிக்கு வந்தாலும் இரவு மிச்சமிருக்கிறது. நீங்கள் பூசைக்குப் போகும் திரு இருதயப் பேராலயம் 1863-இல் தொடங்கி 1888-இல் முடிந்த கருங்கல் கட்டடம். அது நிற்கும் யீதே வீதி நெடுகிலும் உலர்ந்த மீனும் சிப்பியும் கடலட்டையும் மூட்டை மூட்டையாக விற்கிறார்கள் என்றும், கோவில் கோபுரம் தெரியுமுன்பே கருவாட்டு வாசனை வந்துவிடுகிறதென்றும் எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு உன் தாயும் நானும் நெடுநேரம் சிரித்தோம். இந்தக் கடற்கரையிலிருந்து அவித்து உலர்த்திய கடலட்டை ஒரு காலத்தில் கீழ்த்திசைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடை வந்தபின் நியாயமான வியாபாரம் நின்றுவிட்டது, மற்றதைக் கடலோரக் காவல்படை அறியும். நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தெருவில் ஒரு கோவில் அமையுமா? ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அந்நியர்கள் பதிவு பெற்ற கோவிலில் வழிபட அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. உள்ளூராரிடம் மதப் பிரசாரம் செய்ய இடம் கொடுப்பதில்லை. ஆகவே அண்டைவீட்டாருக்குக் கேக்கைக் கொடு, பிரசங்கத்தை விட்டுவிடு.

அங்கிருக்கும்போதே நீ செய்யவேண்டிய பிரயாணம் ஒன்று இருக்கிறது. 1542-இல் இந்தக் கரைக்கு வந்து, மணப்பாட்டுக் குகையில் தங்கி ஜெபித்து, நம் முன்னோருக்கு மந்திரங்களைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்த சவேரியார், சீனத்துக்குள் புகவேண்டுமென்ற தாகத்தோடு போய், கான்டனுக்குத் தம்மை இரகசியமாகக் கொண்டுபோக ஒப்புக்கொண்ட சீன வியாபாரியின் படகு வருமென்று காத்திருந்து, அது வராமலே 1552 டிசம்பர் 3-ஆம் தேதி சாங்சுவான் தீவில் உயிர் துறந்தார். கான்டன் என்று அக்காலத்தார் சொன்னது நீ குடியிருக்கும் குவாங்சோவைத்தான். அவர் போய்ச் சேர முடியாத ஊரில் இருந்துகொண்டு, அவர் இறந்த தீவை நீ இன்னும் பார்க்கவில்லை. உன் மாகாணத்திலேயே இருக்கிறது. கரையிலிருந்து படகு போகிறது. முதலில் அவரை அடக்கம் செய்த இடத்தில் 1869-இல் கட்டிய சிற்றாலயம் நிற்கிறது. உடல் மலாக்கா போய்ப் பின் கோவா சேர்ந்தது பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான். டிசம்பர் மூன்றாம் தேதி ஞாயிறாக வாய்த்தால் உத்தமம். இல்லாவிட்டால் ஒரு நாள் லீவு எடு. தாய்லாந்துக்கு எடுக்க இருந்தாயே, அதில் ஒன்று.

நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நீ வரமுடியவில்லை என்று மனம் நோகவேண்டாம். உன் தகப்பனார் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி ஏற்றுவதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன். அங்கே ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சீனர்கள் தங்கள் மூதாதையர் சமாதியைத் துப்புரவு செய்யப் போவார்கள். அன்று மாலை வீட்டில் ஒரு செபமாலை சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி லீவைப் பற்றி. கிறிஸ்துமஸுக்கு வர முயன்று ஒவ்வொரு ஆண்டும் ஏமாறுகிறாய். பள்ளிக்கூடம் விடுவதில்லை, கம்பெனியில் ஆண்டுக் கணக்கு முடிக்கிறார்கள், விமானக் கட்டணமோ கேட்கவே வேண்டாம். சீனப் பள்ளிகளுக்கு ஜூலையும் ஆகஸ்டும் கோடை விடுமுறை. நம் மாதா திருநாள் அதற்குள் வருகிறது. கிறிஸ்துமஸை அங்கே வைத்துக்கொண்டு, கொடியேற்றத்துக்கு இங்கே வந்துவிடு. அந்த நாள்களில் சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது எவ்வளவு சிரமமென்பதை நீ அறிவாய். அறுபது நாள் முன்னதாகத்தான் பதிவு திறக்கிறார்கள், திறந்த சிறிது நேரத்தில் காத்திருப்போர் பட்டியலாகிவிடுகிறது. ஆகையால் மே மாதம் பிறக்குமுன் வரும் தேதியையும், பிள்ளைகளின் வயதையும், கீழ்ப் படுக்கை வேண்டியிருக்கிறதா என்பதையும் எழுதியனுப்பு. தாமதித்து எழுதிவிட்டு மதுரை வழியாகப் பஸ்ஸில் வந்து இடுப்பு வலிக்கிறதென்று என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
அன்புள்ள மாமன்