கரப்பானுக்குப் பச்சிலை போடலாமா?



செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை, பிள்ளைக்கு உடம்பில் அரிப்பும் தடிப்பும் கண்டால் தாய்மார் முதலில் தேடுவது வேப்பிலை, குப்பைமேனி, தேங்காயெண்ணெய். இது சரியா? இம்மாதப் பாடமாக இதைச் சிந்திப்போம்.

1. செடிகளில் நன்மை உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் கண்ட 117 பிள்ளைகளை 8 வாரம் கவனித்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பச்சைத் தேங்காயில் எடுத்த எண்ணெய் பூசியவர்களுக்கு நோயின் கடுமை 68 சதவீதமும், மினரல் ஆயில் பூசியவர்களுக்கு 38 சதவீதமும் குறைந்தது. கரப்பான் கண்ட தோல் ஈரத்தை இழந்து வறண்டுபோகும். எண்ணெய் அந்த ஈரத்தைக் காக்கிறது.

2. செடிகளில் தீமையும் உண்டு. சேங்கொட்டைச் சாறும், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் தோலைக் கொப்பளிக்கச் செய்யும். குப்பைமேனிச் சாறுகூடச் சிலருக்கு எரிச்சல் தரும். நீர் வடியும் புண்ணில் பச்சிலை அரைத்துப் போட்டால் கிருமி சேரும்.

3. எல்லாத் தோல் நோயும் அலர்ஜி அல்ல. இந்தப் பாடத்தைச் செங்கல்பட்டு நன்றாய் அறியும். இங்குள்ள திருமணியில், ஸ்காட்லாந்து மிஷனெரிமார் நடத்திய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக்கியது. முற்காலத்தில் தொழுநோய்க்கு உலகெங்கும் கொடுத்த மருந்தும் மூலிகைதான்: நீரடிமுத்து எண்ணெய். வலிமிகுந்த ஊசியாக அதைப் போட்டார்கள்; பலருக்கும் நோய் தீரவில்லை. 1940-களில் டாப்சோன் வந்தபின் அது வழக்கொழிந்தது. 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டு மருந்தால் நோய் முற்றிலும் குணமாகிறது.

ஆகவே அரிக்கிற தடிப்பையும் அரிக்காத தேமலையும் ஒன்றாக எண்ணாதிருப்போம். வெளுத்த படை அரிக்காமல் இருந்தால், கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் தாமதம் வேண்டாம். உணர்ச்சி இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே நலம். எண்ணெய் பூசிக் காத்திருக்கும் மாதங்களில் நரம்பு கெட்டு, கைவிரல் மடங்கிப்போகலாம். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

உங்கள் சபையிலும் பெண்கள் கூட்டத்திலும் இப்பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். நேரத்தில் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பிள்ளையின் கையைக் காப்பாற்றும்.