ஓடுகிற வாட்ச்சை எதுக்குப் பிரிக்கணும்?

“நல்லாத்தானே ஓடுது, அதை எதுக்குப் பிரிக்கணும்?” பழைய சாவி கொடுக்கும் வாட்ச் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான். அந்த வாட்ச்சுக்கு இதைவிடக் கேடான நம்பிக்கை வேறில்லை.

எச்.எம்.டி ஜனதாவையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய ஆலையின் தயாரிப்பு அது. அதன் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 துடிப்பு துடிக்கிறது. ஒரு நாளைக்கு 4,32,000. அந்தச் சக்கரத்தின் அச்சுமுனை தலைமுடிப் பருமன்தான். அது சுழலும் குழியில் ஊசிமுனை அளவே எண்ணெய் இருக்கிறது. சில ஆண்டுகளில் அந்த எண்ணெய் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் பிசுக்காகிவிடும். அதற்காக வாட்ச் நின்றுவிடுவதில்லை. சாவி கொடுத்தால் சுருளும் மெயின் ஸ்பிரிங் பலசாலி, வறட்டு அச்சையும் சுழற்றிக்கொண்டே இருக்கும். உதிரும் உலோகத் துகள் பழைய பிசுக்கோடு கலந்து உப்புத்தாள் போல அச்சைத் தேய்க்கும். நின்ற பிறகு கொண்டுபோனால் சர்வீஸோடு முடியாது, சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். தினமும் கட்டுகிற வாட்ச்சென்றால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்வதே மலிவு.

டைம் சரியாகக் காட்டுகிறதே என்பீர்கள். காட்டும். பேலன்ஸ் அருகே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அழுக்கால் மந்தமான வாட்ச்சைக்கூட அதைத் தள்ளிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் “டைம் வெச்சு” வாங்கிவந்த பல வாட்ச்சுகளின் ரகசியம் அதுதான். உண்மையான உடல்நிலையைச் சொல்வது சக்கரத்தின் வீச்சு. டைம்கிராஃபர் என்ற கருவி டிக் டிக் ஓசையைக் கேட்டு அதை அளந்து சொல்லும். முழுச் சாவி கொடுத்த பிறகும் 200 டிகிரிக்குக் கீழே வீசுகிறதென்றால், முள் எவ்வளவு ஒழுங்காகப் போனாலும் உள்ளே ஏதோ சரியில்லை.

பீரோவில் தூங்கும் வாட்ச் தேயாது, ஆனால் எண்ணெய் அங்கேயும் காயும். அப்பாவின் வாட்ச்சை எடுத்து ஆசைக்கு நாலு சுற்றுச் சாவி கொடுத்துப் பார்க்கலாம். சர்வீஸ் செய்யாமல் தினமும் கட்ட ஆரம்பிப்பதுதான் வேண்டாத வேலை.

அப்படியானால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதாதா? போதாது என்பதைவிட, விடவே கூடாது. ஒரு சொட்டு என்பது வாட்ச்சுக்கு வெள்ளம். அது பரவி, பேலன்ஸோடு இருக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கில் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் கண்டபடி முந்தி ஓடும். மெயின் ஸ்பிரிங்குக்குக் கெட்டியான மசகு, பேலன்ஸுக்கு மிக மெல்லிய எண்ணெய் என்று இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. பேலட் என்ற கவையின் அச்சுக்குப் பொதுவாக எண்ணெயே வைப்பதில்லை.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, பாகம் பாகமாகப் பிரித்துக் கழுவும் பழைய மெக்கானிக்குகளை நான் குறை சொல்ல மாட்டேன். பிரிக்காமல் மொத்தமாக முக்கி எடுப்பதுதான் ஏமாற்று. ஸ்பிரிட்டில் ஊறவைப்பது அதைவிட மோசம். பேலட்டின் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு, அது ஸ்பிரிட்டில் கரையும்.

“ஓவரா சாவி கொடுத்துட்டான், அதான் நின்னுபோச்சு” என்பது வீட்டுப் பிள்ளைகள் மேல் காலங்காலமாக விழுகிற வீண்பழி. ஸ்பிரிங் முழுதும் சுருண்டதும் குமிழ் தானே மறுத்துவிடும். அதன்பின் முரட்டுத்தனமாகத் திருகினால் எதுவும் உடையலாம், அது வேறு கதை. முழுச் சாவியோடு நிற்கும் வாட்ச்சில் பெரும்பாலும் சிக்கல் பிசுக்கில்தான்.

அடுத்தது, “உள்ளே இருக்கிற மாணிக்கக் கல்லைத் திருடிடுவாங்க.” கல் மாணிக்கம்தான், ஆனால் உலையில் செய்தது. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் 1902-இல் வெளியிட்ட முறைக்குப் பிறகு அது மலிவுச் சரக்காகிவிட்டது. அது அங்கே இருப்பது அலங்காரத்துக்காக இல்லை, அச்சு தேயாமல் இருப்பதற்காக. மூன்று முள் வாட்ச்சுக்குத் தேவையான எல்லா இடத்துக்கும் 17 கல் போதும். பேலன்ஸோடு சேர்ந்து 5, பேலட்டில் 4, மீதிச் சக்கரங்கள் நான்குக்கும் இரண்டிரண்டு என்று எண்ணிப் பாருங்கள். திருடுகிறவர் எடுக்க வேண்டுமானால் நல்ல நிலையில் இருக்கும் சக்கரத்தையோ முழு மெஷினையோதான் எடுப்பார். பயம் இருந்தால் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, கொடுக்கும் முன்பே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் புகுந்தால் அரிசிப் பானையில் புதைப்பது வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கும் வரை அரிசி பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கே திறக்க வேண்டும்.

கடைசியாக, “எச்.எம்.டியையே மூடியாச்சு, இனி ஸ்பேர் கிடைக்காது.” 2016-இல் எச்.எம்.டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது உண்மை. ஆனால் அந்த மெஷின்கள் ஊரெங்கும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன, ஒன்றின் சக்கரம் இன்னொன்றுக்குப் பொருந்தும். வீட்டில் ஓடாத ஜனதா இருந்தால் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். அதே ரக மெஷின் உள்ள இன்னொரு வாட்ச் பழுதானால், உங்கள் மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.