அவசரப் பிரிவிலிருந்து அடுத்த படி

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வத்தை ஓசையின்றிக் கரைக்கும் நோய்களுள் ஒன்று நீரிழிவு. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இவர்களுள் பலர் அதை அறியாமலேயே வாழ்கின்றனர். ஆறாத கால் புண்ணுக்கோ மயக்கத்திற்கோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும்போதுதான், "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கின்றனர்.

அவசரப் பிரிவின் பணி

அங்கே முதற்கடமை உயிரைக் காப்பது. சர்க்கரை அளவுக்கு மீறி ஏறியவருக்கு நரம்பு வழியாக உப்பு நீரும் இன்சுலினும் செலுத்துவர். நோயாளி தெளிவடைவார். ஆனால் கடுங்காய்ச்சல், மாரடைப்பு போன்றவற்றாலும் சர்க்கரை தற்காலிகமாக ஏறலாம். ஆகவே 'எச்பிஏ1சி' சோதனை தேவை. இது முந்தைய இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி அளவைக் காட்டும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவின் அடையாளம். நோயை உறுதி செய்யவும், மருந்தின் அளவைத் திருத்தவும், கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைச் சோதிக்கவும் நோயாளி மீண்டும் வரவேண்டும்.

ஏன் வருவதில்லை?

உடல் தேறியதும் நோய் போய்விட்டது என்று எண்ணுகின்றனர். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருப்பதால் புரிவதில்லை. மறுபடியும் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இது பேராபத்து. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு மோசம் நேரிடும்.

செய்ய வேண்டியவை

1. எந்த நாள், எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதைச் சீட்டில் தமிழில் எழுதித் தரவேண்டும்.

2. இன்சுலின் போடும் முறையை வீட்டார் ஒருவருக்கும் கற்பிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாதவர், ஈரமண் பானையில் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும்.

3. நோயாளியின் விவரத்தை அவரது ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பவேண்டும்.

4. ஒரு வாரத்திற்குள் தொலைபேசியில் நலம் விசாரிக்க வேண்டும்.

நோயாளியால் வர இயலாவிடில் மருத்துவமே அவரைத் தேடிச் செல்லலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதற்குச் சான்று. அதன் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று, சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மாத்திரைகளை வழங்கினர்.

முடிவுரை

அன்புத் தோழியரே! நாம் மருத்துவர் அல்லர். ஆயினும் படிக்கத் தெரிந்தவர்கள். பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ மருத்துவமனையிலிருந்து திரும்பினால், அவர்களது சீட்டை வாங்கிப் படித்துக் காட்டுவோம். அடுத்துச் செல்லவேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து வைப்போம். அன்று உடன் செல்லத் துணையும் தேடித் தருவோம். ஒருவரது கண்ணையும் காலையும் காப்பாற்ற அதுவே உதவக்கூடும்.

- பத்தாம் வகுப்பு மாணவி