வேலியோரத்து டீசல்

அன்புள்ள தம்பிக்கு,

பெட்ரோல் பங்க்கில் 'இ20' என்று ஒட்டியிருந்ததைப் படம் பிடித்து அனுப்பி, "பெரியப்பா, இதுதானே பசுமை எரிபொருள்? எல்லா வண்டியையும் இதிலேயே ஓட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டிருந்தாய். பேச்சுப் போட்டிக்கு இரண்டு வரி போதும் என்றும் சொல்லியிருந்தாய். இரண்டு வரியில் சொன்னால் பாதிப் பொய் ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெட்ரோலும் டீசலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த உயிர்களின் மிச்சம். அவ்வளவு காலம் புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்துச் சில தலைமுறைகளில் எரித்துக்கொண்டிருக்கிறோம். ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் 1958-ல் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. செடிகொடிகளிலிருந்து எடுக்கும் உயிரி எரிபொருளை ஆதரிப்பவர்கள், செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியமில வாயுதான் எரியும்போது திரும்பப் போகிறது, புதிதாக எதுவும் சேரவில்லை என்பார்கள். வாதம் ஓரளவு சரிதான். ஆனால் அந்தச் செடி யாருடைய நிலத்தில் நின்றது, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது என்பதை அது சொல்வதில்லை.

செடி எண்ணெயில் எஞ்சினை ஓட்டுவது புதிய யோசனையும் இல்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு பெட்ரோலிய எண்ணெய் வகைகள் மலிவாகக் கிடைத்ததால் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். காட்டாமணக்கு உனக்குத் தெரியும். ஆடு மாடு வாய்வைக்காது என்பதற்காகவே வேலியோரம் நட்டுவைப்பார்கள். 2003-ல் திட்டக் குழுவின் அறிக்கை ஒன்று இந்தச் செடியைத் தூக்கிப் பிடித்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், கொட்டையை ஆட்டினால் டீசல் என்றார்கள். 2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 விழுக்காடு பயோடீசல் கலப்பது என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டிலும் அரசும் கம்பெனிகளும் ஊக்கம் கொடுக்க, விவசாயிகள் நட்டார்கள்.

செடி பிழைத்தது, பொய்யில்லை. மழை பொய்த்தாலும் பட்டுப்போகாமல் நிற்கும். ஆனால் பிழைத்துக் கிடப்பது வேறு, காய்ப்பது வேறு. நல்ல காய்ப்புக்கு அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டியிருந்தன. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் தோட்டங்களைப் பார்த்து 2010-ல் வெளியான ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைவு, பாசன வசதி உள்ளவர்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று சொன்னது. அதே நிலத்தில் நிலக்கடலை போட்டால் பருப்பு வீட்டுக்கு, கொடியும் புண்ணாக்கும் மாட்டுக்கு. காட்டாமணக்குப் புண்ணாக்கோ நஞ்சு. மாட்டுக்கு வைக்க முடியாது.

அப்புறம் அந்தத் 'தரிசு'. பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருப்பதால் அது யாருக்கும் உதவாத நிலம் ஆகிவிடுமா? அங்கேதான் ஆடு மேய்கிறது. அடுப்புக்கு விறகு வருகிறது. நாம் ஓயாமல் திட்டும் சீமைக்கருவேலம் விறகாகவும் கரியாகவும் தருகிற ஆற்றல், அதே நிலத்தில் காட்டாமணக்கு தரக்கூடியதைவிட அதிகம் என்று தமிழ்நாட்டில் நடந்த இன்னோர் ஆய்வு கணக்குக் காட்டியது. சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நாற்று கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருவரும் போடவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது நீ கேட்ட இ20-க்கு, அதாவது பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்கு வருகிறேன். 2030-க்கு வைத்திருந்த 20 விழுக்காடு இலக்கை அரசு முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டது. இதனால் கச்சா எண்ணெய்க்குப் போகும் அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. சர்க்கரை ஆலைக்குக் கையில் காசு வருகிறது. கரும்பு போட்டவருக்கு நிலுவை கிடைக்க வழி பிறக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு டன் கரும்பிலிருந்து கிடைப்பது சுமார் 70 லிட்டர் எத்தனால். கரும்பிலிருந்து எடுக்கும் ஒரு லிட்டருக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. போதாதற்கு, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறைகிறது என்று உன் அப்பா முணுமுணுப்பதில் நியாயம் உண்டு.

கரும்போடு நிற்காமல் மக்காச்சோளத்துக்கும் போனார்கள். அது கோழித் தீவனம்; நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024-ல் வெளியிலிருந்து இறக்குமதி செய்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கக் கிளம்பித் தீவனத்தை இறக்குமதி செய்தோம்!

இந்தோனேசியாவில் நிலைமை இன்னும் மோசம். இலைதழை மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த சதுப்புக் காடுகளை வடித்து, எரித்து, எண்ணெய்ப் பனை நட்டார்கள். அப்படி அழித்த காட்டிலிருந்து வெளியேறிய கரியமில வாயுவை, அங்கே விளையும் பனை டீசலால் ஈடுகட்ட நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 2008-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

அப்படியானால் உயிரி எரிபொருளே வேண்டாமா? வேண்டும், கழிவிலிருந்து. சாண எரிவாயுவும் கரும்புச் சக்கையை எரித்துச் சர்க்கரை ஆலைகள் எடுக்கும் மின்சாரமும் நமக்குப் பழையவை. ஹரியானாவின் பானிபட்டில் 2022-ல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. இல்லாவிட்டால் அந்த வைக்கோல் வயலிலேயே எரிந்து டெல்லி வரை புகை மூட்டும். செலவு அதிகம், கரும்பு போலச் சுலபமும் இல்லை. ஆனாலும் பணத்தைப் போட வேண்டிய இடம் அதுதான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்குவதற்கும் 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. அதுவும் எல்லா ஊருக்கும் எட்டவில்லை.

பேச்சில் பானிபட்டைச் சொல், பாரிஸைச் சொல், நடுவர்களுக்குப் பிடிக்கும். அதற்கு முன் உங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடையில், சட்டியில் மிஞ்சும் எண்ணெய் கடைசியில் எங்கே போகிறது என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா