தீவுகளில் செல்பேசி மோடம்: கோபுரத்துக்கு அப்பால் உள்ள பாதை

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் பணி மாற்றம் பெற்றுச் செல்லும் அலுவலர்களின் பெட்டியில் குடை, கொசுவலை ஆகியவற்றுடன் செல்பேசி மோடம் ஒன்றும் இன்று இடம் பெற்று வருகிறது. கணிப்பொறியில் நேரே செருகும் சிறு வகையும் உண்டு. சிம் அட்டையைத் தன்னுள் கொண்டு அறை முழுவதற்கும் இணைப்பு வழங்கும் ரூட்டர் வகையும் உண்டு. இரண்டும் செய்யும் பணி ஒன்றே. கணிப்பொறி தரும் தகவலை வானொலி அலைகளாக மாற்றி அருகிலுள்ள கோபுரத்துக்கு அனுப்புவதும், அங்கிருந்து வருவதை மீண்டும் தகவலாக மாற்றித் தருவதுமே அப்பணி. இக்கருவியை முறையாக அமைப்பது எப்படி என்பதையும், அமைத்த பின்னரும் சில தீவுகளில் இணைப்பு ஏன் நகர மறுக்கிறது என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். முதற் கேள்வி தொழில்நுட்பம் சார்ந்தது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் பொருளாதாரம் சார்ந்தது.

2017-ஆம் ஆண்டில் அலுவல் நிமித்தம் தென் தீவுகளுள் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த சிறிய அலுவலகம் ஒன்றில் தினக்கூலித் தொழிலாளர்களின் ஊதியப் பட்டியலைப் போர்ட் பிளேருக்கு அனுப்ப மூன்று நாட்களாக முயன்று கொண்டிருந்தார்கள். மோடம் இரு முறை மாற்றப்பட்டிருந்தது. மூன்றாவது மோடத்துக்கு விலைப்புள்ளியும் கோரப்பட்டிருந்தது. கருவியின் திரையில் சமிக்ஞைக் கோடுகள் அனைத்தும் நிறைந்திருந்தன. கோபுரமோ சாளரத்தின் வழியே கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் பட்டியல் போகவில்லை. இறுதியில் அதனைப் பென் டிரைவில் பதிந்து கப்பலில் செல்லும் ஊழியர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். “இங்கே கப்பல்தான் சார் வேகமான மோடம்” என்று அங்கிருந்த எழுத்தர் கூறியது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஊதியத்துக்காக வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தபின் அச்சிரிப்பு நிலைக்கவில்லை. மோடத்தில் குறை ஏதும் இல்லை என்பது அன்று அங்கிருந்த எவருக்கும், என்னையும் சேர்த்து, புலப்படவில்லை.

அமைக்கும் முறை

மோடத்தை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அது எந்தெந்த அலைப்பட்டைகளில் இயங்கும் என்பது. நம் நாட்டில் 4ஜி சேவை 700, 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டு வழங்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் மோடம் இவற்றுள் சிலவற்றை அறியாததாக இருக்கலாம். 3ஜி-க்கு மேல் செல்லாத பழைய மோடங்களும் இன்று பயன் தருவது அரிது. பல நிறுவனங்கள் அச்சேவையை விலக்கிக் கொண்டுவிட்டன. இரண்டாவது, பூட்டு. ஒரு நிறுவனத்தின் பெயரில் விற்கப்படும் மோடம் பிற நிறுவனங்களின் சிம் அட்டையை ஏற்காதபடி பூட்டப்பட்டிருப்பதுண்டு. தீவுக்குச் சென்றபின் நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால் அக்கருவி பயனற்றதாகிவிடும். செல்லும் தீவில் எந்த நிறுவனத்தின் கோபுரம் உள்ளது என்பதை அங்கு ஏற்கெனவே பணியாற்றுபவரிடம் கேட்டறிந்த பின்னரே சிம் அட்டை வாங்குதல் நலம்.

சிம் அட்டையை மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையில் பொருத்துக. அட்டைக்குக் கடவு எண் இடப்பட்டிருந்தால், முதலில் அதனைச் சாதாரணக் கைபேசி ஒன்றில் நீக்கிவிடுவது எளிது. அடுத்து மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அணுகுமுனைப் பெயரைப் பதிய வேண்டும். தகவலை எந்த வாயில் வழியே இணையத்துக்குள் செலுத்துவது என்பதை வலையமைப்புக்குத் தெரிவிக்கும் பெயர் இது. பி.எஸ்.என்.எல். அட்டைக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’ என்றும், ஜியோ அட்டைக்கு ‘ஜியோநெட்’ என்றும், ஏர்டெல் அட்டைக்கு ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்’ என்றும் இடைவெளியின்றி ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய கட்டங்களைப் பொதுவாக வெற்றாகவே விட்டுவிடலாம். பழைய வகை மோடங்கள் தொலைபேசியைப் போல் ஓர் எண்ணைச் சுழற்றக் கோரும்; நட்சத்திரக் குறி, 99, ஹேஷ் குறி என்பதே அந்த எண்.

மோடம் வலையமைப்பில் பதிவாகியுள்ளதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மோடங்கள் ‘ஏ.டி.’ எனத் தொடங்கும் கட்டளைகளுக்கு விடை தரும். பதிவு நிலையைக் கேட்கும் கட்டளைக்கு வரும் விடையில் இரண்டாவது எண் 1 எனில் சொந்த வலையமைப்பிலும், 5 எனில் பிற வலையமைப்பிலும் பதிவாகியுள்ளது எனக் கொள்ளலாம். 2 எனில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. 3 எனில் பதிவு மறுக்கப்பட்டுள்ளது. அப்போது குறை அட்டையிலோ கணக்கிலோ உள்ளதே தவிர ஆன்டெனாவில் அன்று. சமிக்ஞையின் வலிமையைக் கேட்டால் 0 முதல் 31 வரை ஓர் எண் கிடைக்கும். 0 என்பது மைனஸ் 113 டிபிஎம் அல்லது அதற்கும் கீழ். ஒவ்வொரு படியும் 2 டிபிஎம் உயர்வைக் குறிக்கும். 99 என்று வந்தால் அளவிட இயலவில்லை என்பது பொருள். இதனைத் தொண்ணூற்றொன்பது விழுக்காடு எனக் கொண்டு மகிழ்ந்த நண்பர் ஒருவரை நான் அறிவேன்.

சமிக்ஞை குறைவாக இருப்பின் வெளி ஆன்டெனா பயன்படும். ஈரம் நிறைந்த அடர்ந்த இலைகள் அலைகளை விழுங்கும் இயல்புடையவை. ஆகவே தீவுகளில் ஆன்டெனாவை மரங்களின் தலைக்கு மேலே உயர்த்துவதே சிறந்த முதலீடு. ஆனால் உயரத்தில் ஆன்டெனாவை வைத்து, மெல்லிய கேபிள் ஒன்றைப் பத்து மீட்டர் கீழே இழுத்து, மோடத்தை மேசைமீது வைப்பவர்கள், கிடைத்த வலிமையில் பாதிக்கு மேல் அக்கேபிளிலேயே இழந்துவிடுகிறார்கள். மோடத்தை நீர்புகாப் பெட்டியில் இட்டு ஆன்டெனாவின் அருகிலேயே பொருத்தி, அங்கிருந்து சாதாரண வலையமைப்புக் கம்பியைக் கீழே கொண்டுவருதல் வேண்டும். உப்புக் காற்று இணைப்பு முனைகளை விரைவில் அரித்துவிடும் என்பதால் அவற்றை நீர்புகா நாடாவால் சுற்றிவைக்க வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக அமைந்த பின்னரும் தகவல் நகரவில்லையெனில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பிரதான நிலப்பகுதியிலுள்ள கணிப்பொறி ஒன்றுக்கு ‘பிங்’ எனும் கட்டளை மூலம் சிறு செய்தியை அனுப்பி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் காண்பதே அச்சோதனை. நூறு மில்லி வினாடிக்குள் விடை வந்தால், கோபுரத்தின் பின்னால் கேபிள் உள்ளது எனலாம். எப்போது அனுப்பினாலும் ஐந்நூறு, அறுநூறு மில்லி வினாடிக்குக் குறையாமல் இருந்தால், பாதை செயற்கைக்கோள் வழியே செல்கிறது. அதிகாலையில் விரைவாகவும் மாலையில் மிகத் தாமதமாகவும் வந்தால், பாதையில் நெரிசல் என்பது தெளிவு. சமிக்ஞைக் கோடுகள் நமக்கும் கோபுரத்துக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அதற்கு அப்பாலுள்ள ஆயிரம் கிலோமீட்டரைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

கோபுரத்துக்குப் பின்னால்

புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தி மேலே சென்று கீழே இறங்க ஏறத்தாழ கால் வினாடி ஆகிறது. கேள்வியும் விடையும் சேர்ந்தால் அரை வினாடி. இது இயற்கையின் விதி. எந்த மோடமும் இதனை மாற்ற இயலாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கடலடியில் 1,400 கிலோமீட்டர் நீளம் என்று கொண்டாலும் போய்வர 14 மில்லி வினாடி போதும்.

தாமதத்தைக் காட்டிலும் பெரிய இடர் கொள்ளளவில் இருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. செயற்கைக்கோள் வழியே வினாடிக்கு ஒரு கிகாபிட் தகவல் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அதனை அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு வினாடிக்கு 2,600 பிட் அளவே தேறும். 1990-களில் தொலைபேசிக் கம்பியில் கீச்சிட்டுக் கொண்டிருந்த மோடங்களே இதனைவிடப் பத்து மடங்கு வேகமுடையவை. எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை என்பது உண்மைதான். எனினும் ஊதிய நாளிலும் தேர்வு முடிவு வெளியாகும் நாளிலும் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்திலேயே பயன்படுத்துகின்றனர். 2017-இல் நான் கண்ட ஊதியப் பட்டியல் சிக்கியிருந்தது இந்த வாசலில்தான்.

இந்நிலையை மாற்றியது சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் ஆகும். இதற்கான அடிக்கல் 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். (போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதற்கு முந்திய நிகழ்ச்சிகளுக்கு இங்கே பழைய பெயரையே பயன்படுத்தியுள்ளேன்.) கேபிளின் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே வினாடிக்கு இரண்டு 200 கிகாபிட், போர்ட் பிளேரிலிருந்து பிற தீவுகளுக்கு இரண்டு 100 கிகாபிட் என்பது இதன் கொள்ளளவு. ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமானிலுள்ள ஹட்பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபாரிலுள்ள கேம்ப்பெல் பே ஆகிய ஏழு இடங்களில் அது கரையேறுகிறது. முன்பு செய்த வகுத்தலை மீண்டும் செய்து பார்த்தால், தலைக்கு 2,600 பிட் என்பது 10 லட்சம் பிட்டைத் தாண்டுகிறது.

யார் செலவு செய்வது?

இத்திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். தீவுவாசி ஒருவருக்கு ஏறத்தாழ 32,000 ரூபாய் ஆகிறது. லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் எந்த நிறுவனமும் இத்தொகையைக் கடலில் இறக்க முன்வராது. அதில் குறை காண்பதற்கும் இல்லை. இதன் பொருட்டே அனைவருக்குமான சேவைக் கடமை நிதி 2002-இல் ஏற்படுத்தப்பட்டு, 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் சட்ட ஆதாரமும் பெற்றது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு இந்நிதிக்குச் செல்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பின் இது டிஜிட்டல் பாரத் நிதி என்று வழங்கப்படுகிறது. கேபிளுக்கான பணம் இந்நிதியிலிருந்தே வந்தது, நிறைவேற்றியது பி.எஸ்.என்.எல். நிறுவனம்.

மதுரையிலோ சேலத்திலோ கைபேசி வைத்திருப்பவர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு சிறு பகுதி ஹட்பேயில் உள்ள மாணவிக்குப் பயன்படுகிறது என்பதே இதன் பொருள். இது நியாயமா என்று வகுப்பறைகளில் கேட்கப்படுவதுண்டு. கடலடிக் கேபிள்கள் பொதுவாக 25 ஆண்டு உழைக்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. வட்டியையும் பராமரிப்பையும் ஒதுக்கி வைத்தால், 32,000 ரூபாய் என்பது தலைக்கு மாதம் 107 ரூபாய் ஆகும். ஒரு முறை கப்பலில் போர்ட் பிளேர் சென்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்குப் பயணச் செலவும், இழந்த கூலியும், தங்கும் செலவும் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், இக்கேள்வியை நியாயத்தின் பெயரால் எழுப்ப வேண்டியதில்லை. வெறும் கணக்கின் பெயராலேயே விடை கிடைத்துவிடும். இதே வழியில் கொச்சி–லட்சத்தீவு கேபிளும் 2024 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது.

எனினும் கேபிள் கரையேறும் ஏழு இடங்களின் பட்டியலைத் திரும்பப் படித்தால் எவை அதில் இல்லை என்பதும் தெரியவரும். வடக்கே மாயாபந்தரும் திக்லிபூரும் இல்லை; அங்குள்ள கோபுரங்களை எட்ட ரங்கத்திலிருந்து மேலும் வடக்கே செல்ல வேண்டும். தெற்கே கச்சால், தெரேசா, சௌரா ஆகிய தீவுகள் இல்லை. கச்சாலில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970-களில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம். கமோர்ட்டாவுக்கும் கச்சாலுக்கும் இடையிலுள்ள கடல் அகலமானதன்று. ஆனால் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டருக்கும் கோபுரமும் மின்சாரமும் தனியே வேண்டும். வெளித் தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் மின்னாக்கிகளைச் சார்ந்திருக்கிறது. எண்ணெய்க் கப்பல் தாமதமானால் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்து, மோடத்தின் திரையில் கோடுகளே மறைந்துவிடும். மோடம் வாங்கக் கோரும் முன்மொழிவுடன் மேற்கூறிய பிங் சோதனையின் அளவுகளையும் காலை, மாலை என இரு வேளைக்கும் இணைத்து அனுப்புமாறு அலுவலகங்களைக் கேட்டால், கருவிக்காகச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை இத்தகைய இடங்களுக்குத் திருப்ப முடியும்.

கேபிள் வந்துவிட்டதால் செயற்கைக்கோள் இணைப்பைக் கைவிடலாம் என்ற கருத்தை எழுத்தில் கண்டிருக்கிறேன். அதனை ஏற்க இயலவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது கார் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனது. ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று வேறொரு பணிக்காகத் தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. அவர்களது சிறு வானொலிக் கருவிகளே அந்நாட்களில் பலருடைய நலச் செய்தியை நிலப்பகுதிக்குக் கொண்டுசேர்த்தன. அன்று அசைந்த அதே கடலடித் தட்டுக்கு அருகில்தான் இன்றைய கேபிளும் கிடக்கிறது. ஆகவே மருத்துவமனை, துணை ஆணையர் அலுவலகம், காவல் நிலையம் ஆகியவற்றுக்கு மட்டுமேனும் குறைந்த அளவுச் செயற்கைக்கோள் இணைப்பை நிலையாக ஒதுக்கி வைக்க வேண்டும். அது இயங்குகிறதா என்பதை, கேபிள் நன்றாக வேலை செய்து கொண்டிருக்கும் நாட்களிலேயே மாதம் ஒருமுறை பார்த்து வருவதும் அவசியம்.