பொதுப்பணத்தின் கணக்கு

நாள்தோறும் நீங்கள் அரசுக்கு வரி செலுத்துகின்றீர்கள் என்று யான் கூறின், உங்களுட் சிலர் நகைக்கக்கூடும். ‘நாங்கள் இன்னும் ஒரு காசும் ஈட்டவில்லையே, எங்ஙனம் வரி செலுத்துவோம்?’ என்று வினவுதல் இயல்பே. ஆயின், கடைக்குச் சென்று ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும்பொழுது நீங்கள் கொடுக்கும் விலையினுள்ளே அரசுக்குரிய வரியும் அடங்கியிருக்கின்றது. செல்வர் வாங்கினும் கூலியாள் வாங்கினும் அக்கட்டிக்கு வரி ஒன்றே. இங்ஙனம் துளித்துளியாகச் சேர்ந்த பணமே பள்ளியாகவும் மருந்தாகவும் பாலமாகவும் உருமாறி நம்மிடம் திரும்புகின்றது. அப்பணம் இடைவழியிற் சிந்தாமல் சேரவேண்டிய இடம் சேர்ந்ததா என்பதை யார் பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதலையும் சேர்த்தலையும் மட்டும் அரசின் திறமாகக் கூறி நிறுத்தினாரல்லர்; சேர்த்ததைக் காத்தலையும், காத்ததை முறையாக வகுத்துச் செலவிடுதலையும் உடன் வைத்தார். வரி தண்டுதல் எவ்வரசுக்கும் எளிது. வகுத்தலிலேதான் அரசின் தரம் தெரியும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர் என்னும் ஊர் உளது. அவ்வூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றது 921-ஆம் ஆண்டினது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலையாற் தேர்ந்தெடுத்த முறையை அவை விளக்குகின்றன. குடவோலையைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆதலின் அதனை இங்கு விரிக்கவில்லை. யான் சுட்ட விரும்புவது வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவன், பின்னர் எந்த வாரியத்துக்கும் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தான். அவன் மட்டுமோ? அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன் என நெருங்கிய உறவினர் பலரும் விலக்கப்பட்டனர். ஒருவன் பிழைக்கு அவன் சுற்றத்தாரை ஒறுத்தல் இக்காலத்து நீதிக்கு ஒவ்வாது. ஆயினும் அவ்விதியை வகுத்தவர் உலகியல் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. முன்வாயிலில் வெளியேற்றப்பட்டவன் மைத்துனன் பெயரால் பின்வாயில் வழியே மீள்வான் என்பதை அவர்கள் கண்டிருத்தல் வேண்டும்.

கணக்கு எழுதுவானுக்கும் அக்கல்வெட்டில் விதி உண்டு. அவன் தன் காலத்துக் கணக்கைப் பெரியோர் முன் வைத்துத் தூயன் எனப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணிக்கு உரியவன் ஆவான். தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவித்தல் வேண்டும். அதனை முடிக்கப் பிறனொருவனைக் கொணர்தல் கூடாது. ‘எனக்கு முன்னிருந்தவர் செய்தது; எனக்குத் தெரியாது’ என்னும் விடையை அலுவலகங்களில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! அவ்விடைக்கு இடமின்றி ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தனர்.

இங்கு ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. அச்சபையில் நிலமும் மனையும் மறைநூற் பயிற்சியும் உடைய ஆடவரே இடம்பெற்றனர். ஏரிக்கு மண் சுமந்தவனுக்கும் வயலில் நாற்று நட்டவளுக்கும் அங்கே இருக்கை இல்லை. பழம்பெருமை பேசுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கணக்கு என்பது என்ன என்பதை யான் உணர்ந்தது நூல்களால் அன்று. இளமையில் ஒரு பள்ளியிற் பணியாற்றியபொழுது, மாணவர் விடுதியின் அரிசிக் கணக்கு எழுதும் பொறுப்பும் என்மேல் வந்தது. இலக்கணம் கற்பிக்க வந்தவனுக்கு அரிசி மூட்டையோடு என்ன உறவு என்று மனம் வெதும்பினேன். ஆண்டு முடிவில் தணிக்கைக்கு வந்தவர் என் இருப்பேட்டை ஒருமுறை புரட்டிவிட்டு மூடிவைத்தார். பின்பு வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளைக் கொணருமாறு பணித்தார். பொங்கலையொட்டி மாணவர் பெரும்பாலார் ஊர்களுக்குச் சென்றிருந்த நாட்களிலும், 60 பேருக்கு உலை வைத்ததாக என் ஏட்டில் இருந்தது. சமையற்கட்டிற் சொன்ன தொகையை ஒருமுறையேனும் எட்டிப் பாராமல் அப்படியே எழுதியிருந்தேன். என் ஏட்டில் எழுத்துப்பிழை இல்லை, கூட்டற்பிழை இல்லை, அடித்தல் திருத்தல்கூட இல்லை. ஆயினும் அது பொய்க்கணக்கு. அரிசியின் விலையை என் ஊதியத்திலிருந்து செலுத்தினேன். அழகிய ஏடு உண்மையான ஏடு ஆகிவிடாது என்பதையும், ஒரு கை எழுதியதை மற்றொரு கை எழுதியதோடு ஒத்துப் பார்த்தலே தணிக்கையின் உயிர் என்பதையும் அன்று கற்றேன்.

நம் நாட்டு அரசியலமைப்பும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே பொதுப்பணத்துக்குக் காவல் அமைத்துள்ளது. சட்டமன்றம் அல்லது நாடாளுமன்றம் சட்டத்தால் ஒப்பினாலன்றி அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்தல் கூடாது. எடுத்துச் செலவிட்டதை ஆராய்வதற்குக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் தலைவர் என்னும் உயர் அலுவலர் ஒருவர் உளர். அவரைக் குடியரசுத் தலைவர் அமர்த்துகின்றார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு எத்துணைக் கடுமையான முறை உண்டோ, அத்துணைக் கடுமையான முறையாலன்றி அவரை நீக்க இயலாது. பதவிக்காலம் முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கவும் அவருக்கு உரிமை இல்லை. நாளை கிடைக்கக்கூடிய பதவியை எண்ணி இன்று கண்ணை மூடிக்கொள்ளுதல் மனித இயல்பு; அதற்கே இத்தடை.

அவர் அளிக்கும் அறிக்கைகளை நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு ஆராய்கின்றது. அதில் மக்களவையினர் 15 பேரும் மாநிலங்களவையினர் 7 பேரும் ஆக 22 உறுப்பினர் உளர். அமைச்சர் எவரும் அதில் உறுப்பினராதல் இயலாது. 1967-ஆம் ஆண்டு முதல் எதிர்க்கட்சியைச் சார்ந்த ஒருவரே அதன் தலைவராக இருக்கும் மரபு நிலவி வருகின்றது. துறைச் செயலர்கள் குழுவின் முன் வந்து விடையிறுத்தல் வேண்டும். ஏற்பாடு சிறந்ததே. ஆயின் அறிக்கை வருவதற்குள் பணம் செலவாகி ஆண்டுகள் சில கழிந்துவிடுகின்றன. வெள்ளம் வடிந்தபின் கரையை அளக்கும் வேலையாகவே அது பலமுறை முடிகின்றது.

இதற்குச் சான்றாகப் பீகார் மாநிலத்துக் கால்நடைத்தீவன மோசடியைக் காட்டலாம். அம்மாநிலத்துக் கால்நடைத் துறையில், வாங்காத தீவனத்துக்கும் மருந்துக்கும், இல்லாத மாடுகளுக்கும் பொய்ப் பட்டியல்கள் தீட்டிக் கருவூலங்களிலிருந்து ஆண்டுக்கணக்கிற் பணம் எடுக்கப்பட்டு வந்தது. சட்டமன்றம் ஒப்பிய தொகையினும் பன்மடங்கு மிகுதியாக எடுத்தனர். 1996-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அன்று பீகாரிலும் இன்று சார்க்கண்டு மாநிலத்திலும் உள்ள சாய்பாசாவில், மாவட்டத் துணை ஆணையர் துறை அலுவலகத்துக்கு நேரிற் சென்று ஏடுகளைக் கைப்பற்றியபொழுது அது வெளிப்பட்டது. இழப்பு ஏறத்தாழ 950 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. பட்டியல்களில் மாடும் தீவனமும் ஏற்றிச்சென்ற பார வண்டிகளின் பதிவெண்கள் இருந்தன. அவ்வெண்களைப் போக்குவரத்து அலுவலகத்து ஏடுகளோடு ஒத்துப் பார்த்தபொழுது, அவற்றுட் சில ஸ்கூட்டர்களுக்கு உரியவை என்பது தெரியவந்தது! ஒரு ஸ்கூட்டரின்மேல் மாடுகளை ஏற்றிச் செல்லும் காட்சியை நீங்களே மனக்கண்ணாற் காண்க.

நகைப்புக்கிடமான இது நெடுங்காலம் நிகழ்ந்தது எங்ஙனம்? கருவூலங்கள் திங்கள்தோறும் அனுப்பவேண்டிய கணக்குகள் காலந்தாழ்ந்து வருகின்றன என்று 1985-ஆம் ஆண்டிலேயே தணிக்கைத் தலைவர் மாநில அரசுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தார். அதனைக் கேட்பார் இல்லை. 1996-இல் பாட்னா உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது. 2013-ஆம் ஆண்டில் ராஞ்சியில் உள்ள தனி நீதிமன்றம், முன்னாள் முதலமைச்சர்கள் இருவர் உட்படப் பலரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. குற்றம் வெளிப்பட்டதற்கும் அத்தீர்ப்புக்கும் இடையே 17 ஆண்டுகள் சென்றன.

ஏட்டை ஏட்டோடு ஒத்துப் பார்ப்பதைக் கூறினோம். ஏட்டை மக்களோடு ஒத்துப் பார்த்தால் என்ன? இதனைச் செய்து காட்டியவர் இராசசுத்தானத்துக் கூலியாட்கள்.

அம்மாநிலத்துத் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில், இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து வந்த அருணா ராய் என்னும் அம்மையாரும், நிகில் தே, சங்கர் சிங் முதலியோரும் 1987-ஆம் ஆண்டு முதல் தங்கி உழைப்பாளிகளோடு கூடி வாழ்ந்தனர். 1990-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் உழவர் உழைப்பாளர் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது. வறட்சிக்காலத்தில் அரசு நடத்திய சாலை வேலை, குளவேலைகளிற் பாடுபட்டோர்க்கு முழுக்கூலி கிடைக்கவில்லை. ‘நீங்கள் முழுவேலை செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அவ்வாறே இருக்கின்றது’ என்று அலுவலர் கூறினர். ‘அப்புத்தகத்தைக் காட்டுங்கள்’ என்றனர் உழைத்தவர். ‘அஃது அரசாங்க மறைபொருள், காட்ட இயலாது’ என்பதே விடையாயிற்று. தன் முதுகில் மண் சுமந்தவளுக்கு, அம்மண்ணின் அளவு மறைபொருளாம்!

அரிதின் முயன்று சில ஏடுகளின் படிகளை அவர்கள் பெற்றனர். 1994-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள், கோட் கிரானா என்னும் ஊரில் மக்களைக் கூட்டி, அவ்வேடுகளை உரக்கப் படித்தனர். பெரும்பாலார் எழுத்தறியாதவர். ஆயினும் பெயர்கள் செவியில் விழுந்தவுடனே அவை கலகலத்தது. வேலைக்கே செல்லாதவர் பெயர்கள் கூலிப் பட்டியலில் இருந்தன. இறந்தோர் பெயர்களும் இருந்தன. கட்டி முடிந்ததாகப் பணம் பெற்ற கட்டடம் ஒன்று கூரையும் கதவும் இன்றி அவர்கள் கண்முன்னே நின்றது. பட்டணத்திலிருந்து வரும் தணிக்கையாளர் எத்துணைக் கூரியராயினும், ஒரு பெயருக்குரியவர் இறந்த செய்தியை அறியார். அவ்வூர்ப் பாட்டி அறிவாள்.

பின்னர் 1996-ஆம் ஆண்டில், ஏடுகளின் படியைப் பெறும் உரிமை வேண்டிப் பியாவர் நகரில் 40 நாட்கள் அமர்ந்து அறப்போர் நிகழ்த்தினர். அவ்வியக்கத்தைச் சார்ந்த உழைப்பாளிப் பெண் ஒருவரிடம், அரசாங்க ஏடுகள் உனக்கெதற்கு என்று தலைநகரிற் செய்தியாளர் வினவினராம். பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கின்றேன். என் பெயரால் இலட்சக்கணக்கிற் செலவிடும் அரசிடம் கேட்கலாகாதா என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அவர் சில வகுப்புகளே படித்தவர். அரசியல் நூல்கள் பல ஏடுகளில் விரித்துரைப்பதை அவர் ஒரு மூச்சிற் கூறிவிட்டார்.

தகவல் பெறும் உரிமைக்கு 1997-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. மாநிலச் சட்டங்களுள் அது முந்தியது. ஆயினும் விலக்குகள் மலிந்தமையால் பயன் சிறிதே விளைந்தது. நாடு முழுமைக்கும் ஆன சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால் 30 நாட்களுக்குள் விடை தருதல் அலுவலர் கடமை. தக்க காரணமின்றித் தாழ்த்தினால், நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அவருக்கே தண்டம் விதிக்கலாம். ஏட்டைப் பார்க்கலாம், படி எடுக்கலாம், நடைபெறும் வேலையை நேரிற் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் மாதிரியையும் கேட்டுப் பெறலாம். ஏன் கேட்கின்றாய் என்று வினவ அலுவலர்க்கு உரிமை இல்லை.

உரிமை எழுத்தில் இருப்பதனால் இடர் நீங்கிவிடவில்லை என்பதையும் அறிதல் வேண்டும். சத்தியேந்திர துபே என்னும் இளம்பொறியாளர் தேசிய நெடுஞ்சாலை வேலையிற் பணம் வீணாவதைக் கண்டு, 2002-ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை மறைத்து வைக்குமாறு வேண்டியிருந்தார். கடிதமோ பெயரோடு பல மேசைகளுக்குச் சென்றது. 2003-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி செய்ய வந்தோரின் செயல் அது என்று புலனாய்வுத் துறை முடிவு கட்டியது. 2010-ஆம் ஆண்டில் மூவர்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அம்முடிவை அவர் குடும்பத்தார் ஏற்கவில்லை. அவருக்கு அகவை முப்பதுதான்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்படும். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் யானும் தவறாது சென்று அமர்கின்றேன். முதலிரு கூட்டங்களில் வாய் திறந்தவர் எவருமிலர், தேநீர் வந்தது, கையெழுத்து வாங்கினர், கலைந்தனர். மூன்றாம் கூட்டத்தில், தெருவிளக்குகளின் செலவைச் செயலர் படித்துக்கொண்டிருந்தபொழுது பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தாள்.

“தம்பி, எங்கள் தெருவுக்கு எத்தனை விளக்கு என்று எழுதியிருக்கிறது?”

“ஒன்பது, பாட்டி.”

“ஆறுதானே எரிகின்றன?”

“மூன்று பழுதாகியிருக்கும்.”

“பழுதாவதற்குக் கம்பம் வேண்டாமா, தம்பி? கம்பமே ஆறுதானே நிற்கிறது?”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. செயலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பேரேட்டை முதற்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். அதற்குள் அடுத்த தெருவைச் சேர்ந்த இருவர், தங்கள் கம்பங்களை எண்ணி வருவதற்காக எழுந்து வெளியே சென்றனர்.